நின்ன லாரியில பின்னாடி போய் மோதினா நம்ம தப்புதானா? கடலூர்ல இருந்து ஒரு தங்கச்சி எழுதின லெட்டர்

ஆறு பக்கம் எழுதியிருந்தாங்க, பேரெல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன். இவங்க வீட்டுக்காரருக்கு 38 வயசு, கடலூர் சிப்காட்ல கான்ட்ராக்ட் வேலை, கைக்கு மாசம் 18,000. நாலு மாசம் பத்து நாளைக்கு முன்னாடி ஷிஃப்ட் முடிச்சு ராத்திரி பதினொன்னே முக்காலுக்கு சிதம்பரம் ரோட்டுல பைக்ல வந்திருக்கார், லேசா தூறல். புதுச்சத்திரம் போறதுக்கு முன்னாடியே ஜல்லி லோடு ஏத்தின ஒரு பத்து சக்கர லாரி ரோட்டோரம் பாதி மண்ல பாதி தார்ல நின்னிருக்கு, அதோட பின்பக்கம் போய் மோதி அங்கேயே போயிட்டார். டீக்கடைக்காரர் சொன்னாராம், லாரி நின்னு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, லைட் எதுவும் எரியல, டிரைவர் கேபின்ல தூங்கிட்டு இருந்தார்னு. ஆனா புகார் குடுத்ததே அந்த டிரைவர்தான், எஃப்ஐஆர்ல இறந்தவர் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" வந்து மோதினார்னு இருக்கு. இப்ப லாரி ஓனர் தரப்புல ஒருத்தர் வந்து 2 லட்சம் தர்றோம், ஒரு கையெழுத்து போடுங்கன்னு கேக்கறார், கொழுந்தனாரும் "பின்னாடி மோதினா ஒண்ணும் கிடைக்காது அண்ணி, வர்றதை வாங்கிக்கலாம்"ங்கறார். வீட்டுல மாமியார், ரெண்டு பிள்ளைங்க. "கையெழுத்து போட்டுடலாமாக்கா? அந்த டிரைவரும் புள்ளகுட்டிக்காரர், அவரை ஜெயிலுக்கு அனுப்பி எனக்கு என்ன ஆகப்போகுது"ன்னு முடிச்சிருக்காங்க.

தங்கச்சி, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். கோர்ட்ல இருபது வருஷமா மோட்டார் விபத்து கேஸ்தான் நடத்தறேன், இதே கதையை ஊர் பேர் மட்டும் மாத்தி எத்தனையோ பேர் என் மேசைக்கு எதிர்ல உக்காந்து சொல்லியிருக்காங்க. கையெழுத்து போடாதீங்க. ஏன்னு கீழ சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல நாள் கணக்கு

மோட்டார் வாகனச் சட்டத்துல 2019-ல கொண்டுவந்த திருத்தம் 2022 ஏப்ரல் 1-ல இருந்து நடைமுறையில இருக்கு, அதுப்படி விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள நஷ்டஈடு மனு போட்டுடணும். உங்களுக்கு இன்னும் சுமார் அம்பது நாள்தான் இருக்கு. இந்த ஆறு மாச வரம்பு செல்லுமாங்கற வழக்கு உச்ச நீதிமன்றத்துல இருக்கு, காலம் தாண்டிடுச்சுன்னு மட்டும் சொல்லி மனுவைத் தள்ளாதீங்கன்னு 2025 நவம்பர்ல இடைக்கால உத்தரவும் வந்திருக்கு, ஆனா அதை நம்பிக்கிட்டு நீங்க சும்மா உக்காந்திருக்க வேணாம். ஓனர் தரப்பு ஆள் "அடுத்த வாரம் பேசலாம், தை போகட்டும்"னு இழுக்கறாருன்னு எழுதியிருந்தீங்களே, அவருக்கும் இந்தக் கணக்கு தெரிஞ்சிருக்கும்னுதான் எனக்குத் தோணுது.

இன்னொண்ணு, விபத்து நடந்த 48 மணி நேரத்துல போலீஸ் முதல் விபத்து அறிக்கையை, நஷ்டஈடு மனுக்களை விசாரிக்கற மோட்டார் விபத்து ட்ரிப்யூனலுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்பணும், 90 நாளைக்குள்ள விரிவான அறிக்கையும் போகணும், அதையே மனுவா எடுத்துக்கவும் சட்டத்துல இடம் இருக்கு. உங்க கேஸ்ல அது போச்சான்னு ஸ்டேஷன் ரைட்டர்கிட்ட கேளுங்க. போயிருந்தாலும் அதுல எஃப்ஐஆர் கதையேதான் இருக்கும், அதனால உங்க மனுவைத் தனியா போடறதுதான் நல்லது.

எஃப்ஐஆர்ல எழுதினா அதோட முடிஞ்சுதா?

இல்ல. எஃப்ஐஆருங்கறது யார் முதல்ல ஸ்டேஷனுக்குப் போனாங்களோ அவங்க சொன்ன கதை, உங்க கேஸ்ல போனது லாரி டிரைவர். இறந்தவர் வந்து பேச முடியாதுங்கறதால இப்படி அவர் மேலயே கேஸ் போட்டு, குற்றவாளி இறந்துட்டார்னு எழுதி ஃபைலை மூடறது ஹைவே ஸ்டேஷன்கள்ல புதுசு இல்ல. மோட்டார் விபத்து ட்ரிப்யூனல் கிரிமினல் கோர்ட் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபின்னு கேக்காது, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு பாக்கும். அந்த டீக்கடைக்காரர் வந்து நின்னு நீங்க எழுதினதை அப்படியே சொன்னார்னா எஃப்ஐஆரோட கனம் பாதி குறைஞ்சிடும்.

பின்னாடி மோதினா பின்னாடி வந்தவன் தப்புங்கறது ரோட்டுல பேசற சட்டம். கோர்ட் முன்னாடி இருந்த வண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சா, நின்னுக்கிட்டு இருந்துச்சான்னு பிரிச்சுப் பாக்குது. நடு ரோட்டுல லைட் இல்லாம நின்ன எரிவாயு டேங்கர்ல கார் மோதின வழக்குல, கார் மேலயும் பாதி தப்புன்னு ஹைகோர்ட் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2018-ல தள்ளிடுச்சு, அர்ச்சித் சைனி வழக்குன்னு சொல்வாங்க. 2024 செப்டம்பர்ல சுஷ்மா வழக்குலயும் அதேதான், ஹைவேல எச்சரிக்கை எதுவும் வைக்காம விட்டுட்டுப் போன லாரி, கீழ் கோர்ட்ல பாதிப் பாதின்னு வந்ததை மாத்தி முழுப் பொறுப்பும் லாரி தரப்பு மேலன்னு சொன்னாங்க. ஆனா எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருக்க மாட்டார், அதே 2018-ல வந்த நிஷான் சிங் வழக்கைத் தூக்கிட்டு வருவார், அதுல முன்னாடி ஓடிட்டு இருந்த லாரி பிரேக் போட்டது, பின்னாடி வந்த கார் போதிய இடைவெளி விடாம வந்து மோதிச்சு, லாரி மேல தப்புன்னு சொல்லிக் கேட்ட நஷ்டஈடு கிடைக்கல. அதனால உங்க கேஸோட உயிரே "லாரி நின்னுச்சு, பாதி தார்ல நின்னுச்சு, லைட் இல்லாம நின்னுச்சு"ங்கற மூணு விஷயத்துலதான் இருக்கு. லாரி மெதுவா ஓடிட்டு இருந்துச்சுன்னு அவங்க கதையை மாத்த வாய்ப்பு இருக்கு, அதுக்கு முன்னாடியே இதைப் பதிய வைக்கணும்.

லாரியோட முதுகுல என்ன இருந்துச்சு?

ஹைவே லாரி விபத்துன்னாலே நாம டிரைவர் குடிச்சிருந்தாரா, தூங்கினாரா, வேகமா வந்தாரான்னு அந்தக் கடைசி நிமிஷத்தைத்தான் கேக்கறோம். அமெரிக்கால 2001-ல இருந்து 2003 வரைக்கும் 963 லாரி விபத்துகளை ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்தாங்க, காரணம் லாரி பக்கம்னு முடிவான விபத்துகள்ல 87 சதவீதம் டிரைவர் செஞ்சது இல்லன்னா செய்யத் தவறினதுன்னு வந்துச்சு. அதைப் பாத்துட்டு எல்லாம் டிரைவர் தப்புன்னு சொல்லிடலாம், ஆனா அதே ஆய்வுல கிட்டத்தட்ட பத்துல மூணு லாரிக்கு பிரேக்ல கோளாறு இருந்துச்சுன்னும் இருக்கு, கடைசி நொடியில மோதலைத் தவிர்க்க முடியாம ஆக்கினது எதுவோ அதைத்தான் நாங்க எண்ணினோம், பழி யார் மேலங்கறது வேற விஷயம்னும் சொல்லியிருக்காங்க. உங்க கேஸுக்கு இது ரொம்பப் பொருந்தும். உங்க வீட்டுக்காரரோட கடைசி ரெண்டு செகண்டை மட்டும் எஃப்ஐஆர் எழுதியிருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரமா அந்த லாரி அங்க என்ன நிலைமையில நின்னுச்சுங்கறதை யாரும் எழுதல.

லாரி நின்னாலும் பின்னாடி சிவப்பு பார்க்கிங் லைட் எரியணும், இது மத்திய மோட்டார் வாகன விதி 109. எஞ்சினை ஆஃப் பண்ணினா பேட்டரி இறங்கிடும்னு லைட்டையும் அணைச்சுட்டுப் படுத்துடறது நம்ம பக்கம் ரொம்ப சகஜம். பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கணும், ஜல்லி லாரியில அது ஒட்டியே இருந்தாலும் கல் தூசியும் சேறும் மூடி நம்பர் பிளேட்டே தெரியாது, கரும்பு ஏத்திட்டு நெல்லிக்குப்பம் போற டிராக்டரைப் பாத்திருப்பீங்களே, பின்னாடி என்ன இருக்குன்னே தெரியாது, அதே கதைதான். அடுத்து பின்பக்க தடுப்புக் கம்பி, பைக்கோ காரோ லாரிக்கு அடியில நுழையாம இருக்கறதுக்காக வைக்கறது, தரையில இருந்து 550 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல தூக்கி இருக்கக் கூடாது. நிறைய லாரியில இது வளைஞ்சு மேல போயிருக்கும், சிலதுல எஃப்சிக்கு, அதாவது வண்டி தகுதிச் சான்றுக்கு, காட்டிட்டு கழட்டி வச்சிடுவாங்க. மோதினவர் வண்டிக்கு அடியில போனாரா இல்ல கம்பியில தடுத்து நின்னாராங்கறது உயிர் போறதுக்கும் கால் எலும்பு முறியறதுக்கும் உள்ள வித்தியாசம்.

அப்புறம் ஏன் பாதி தார்ல நின்னுச்சு? முழுசா மண்ல இறக்கி நிறுத்தியிருக்கலாமே. தூறல் போட்டு மண் ஊறியிருக்கும்போது அளவுக்கு மேல லோடு ஏத்தின வண்டியை மண்ல இறக்கினா சக்கரம் புதைஞ்சிடும்னு டிரைவர்ங்க பயப்படுவாங்க. அதனால லோடோட குடுத்து அனுப்பற நடைச்சீட்டுல எவ்வளவு லோடு எழுதியிருக்கு, எத்தனை மணிக்கு கிரஷர்ல இருந்து கிளம்பினதுன்னு உங்க வக்கீல் மூலமா கேட்டு வாங்குங்க. டோல்கேட் தாண்டி வந்திருந்தா ஃபாஸ்டாக் கணக்குல எந்த நேரத்துக்கு எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சிடும், அதை வச்சே ஓடிட்டு இருந்துச்சா நின்னுச்சாங்கற சண்டையை முடிக்கலாம். பின்னாடி கல் வச்சு மரக்கிளை ஒடிச்சுப் போட்டிருந்தோம்னு சொல்லுவாங்க பாருங்க, அது எச்சரிக்கையா ஆகிடாது, ராத்திரியில தூறல்ல கிளை எங்க தெரியப்போகுது.

வேகம் பத்தியும் ஒரு கணக்கு சொல்றேன், கோர்ட்ல இது எனக்கு நிறைய தடவை உதவியிருக்கு. அறுபதுல வர்ற பைக் ஒரு செகண்டுக்கு 16 மீட்டருக்கு மேல ஓடிடும். கண்ணு பாத்து மூளைக்குப் போய் கை பிரேக்கைப் பிடிக்கவே ஒன்றரை செகண்ட், அதுக்குள்ள 25 மீட்டர் போயாச்சு, அப்புறம் ஈர ரோட்டுல நிக்க இன்னொரு 25 மீட்டராவது வேணும். டிம் லைட்ல லைட்டில்லாத அழுக்கு லாரியோட பின்பக்கம் 50 மீட்டர்ல கண்ணுல படும்னு யாரும் உத்தரவாதம் குடுக்க முடியாது, அதுலயும் எதிர்ல ஒரு பஸ் ஹைபீம் போட்டுட்டு வந்துச்சுன்னு டீக்கடைக்காரர் சொல்றார். "அதிவேகம்"னு எழுதினாங்களே, அறுபதுல வந்தவரா இருந்தாலும் இதே கதி ஆகியிருக்கலாம்.

நீங்க கடைசியில ஒரு வரி எழுதி அடிச்சு விட்டிருந்தீங்க, அவர் அன்னைக்கு டபுள் ஷிஃப்ட் பாத்தார், தூக்கக் கலக்கமா இருந்திருப்பாரோன்னு. அதையும் உங்க வக்கீல்கிட்ட சொல்லிடுங்க, மறைக்காதீங்க, கோர்ட்ல கேட்டாலும் டபுள் ஷிஃப்ட்னு உண்மையைச் சொல்லுங்க, வருகைப் பதிவேட்டுல எப்படியும் வெளிய வரும். ஆனா "இருந்திருப்பாரோ"ங்கறது சாட்சியம் கிடையாது, நீங்க ராத்திரி தூக்கம் வராம படுத்துக்கிட்டு உங்களையே குத்திக்கற கேள்வி அது. ஹெல்மெட் ஸ்ட்ராப் போட்டாராங்கற விஷயத்துல ஒரு பங்கு கழிப்பாங்கன்னா கழிக்கலாம், அதுக்காக முழு கேஸும் போயிடாது.

அந்த டிரைவரை நினைச்சு

இது எனக்குப் பிடிச்ச பகுதி, கோச்சுக்காதீங்க, வீட்டுக்காரரைப் பறிகொடுத்த இடத்துல இருந்து அவர் பிள்ளைகளை நினைக்கறீங்களே. நஷ்டஈடு மனுவால யாரும் ஜெயிலுக்குப் போறதில்ல. அது சிவில் விவகாரம், எதிர்மனுதாரர் லாரி ஓனரும் இன்சூரன்ஸ் கம்பெனியும், இன்சூரன்ஸ் நடப்புல இருந்தா பணம் தர்றது கம்பெனிதான். எஃப்சியோ லைசென்ஸோ சரியில்லைன்னாலும் பெரும்பாலும் முதல்ல உங்களுக்குக் குடுத்துட்டு ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கங்கன்னு சொல்லுவாங்க. அஜாக்கிரதையால மரணம்ங்கற கிரிமினல் கேஸ் பாரதிய நியாய சன்ஹிதா 106-ல தனி, அதுல அஞ்சு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு, ஆனா அதைப் போடச் சொல்லி நீங்க நிர்பந்திச்சாத்தான் நஷ்டஈடு வரும்னு எதுவும் இல்ல.

அவர் ஏன் அங்க தூங்கினார்னு யோசிச்சீங்களா. டிரைவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலைன்னு சட்டம் சொல்லுது, ட்ரிப்புக்கு இவ்வளவுன்னு பேட்டா குடுக்கற ஓனர்கிட்ட அந்தச் சட்டத்தைக் காட்டினா சிரிப்பார். கண்ணு சொருகும்போது நிறுத்தினது தப்பில்ல, தூங்கிட்டே ஓட்டியிருந்தா வேற ஒரு வீட்டுல எழவு விழுந்திருக்கும். லாரி நிறுத்த இடம் பாக்காம, லைட் போடாம நிறுத்தினதுதான் தப்பு. அந்த ரோட்டுல ராத்திரி லாரி நிறுத்தறதுக்குன்னு வெளிச்சமான இடம் எத்தனை இருக்குன்னு நீங்களே எண்ணிப் பாருங்க. அதனால உங்க மனு அவரை விட அவரை அப்படி ஓட விட்டவங்களைத்தான் கணக்கு கேக்குது.

2 லட்சமும் 34 லட்சமும்

இப்ப கொழுந்தனாரைக் கூப்பிட்டு பக்கத்துல உக்கார வச்சு இதைப் படிச்சுக் காட்டுங்க. சம்பளம் 18,000, வயசு நாப்பதுக்குள்ள, நிரந்தர வேலை இல்லைங்கறதால வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேப்பாங்க, 25,200 ஆச்சு. நீங்க, ரெண்டு பிள்ளைங்க, மாமியார்னு அவரை நம்பி நாலு பேர், அதனால அவர் சொந்தச் செலவுக்கு நாலுல ஒரு பங்கு கழிச்சா 18,900. வருஷத்துக்கு 2,26,800. இதை வயசைப் பொறுத்து ஒரு எண்ணால பெருக்குவாங்க, 38 வயசுக்கு அந்தப் பெருக்கல் எண் 15, மொத்தம் 34,02,000. நான் இஷ்டத்துக்குச் சொல்ற கணக்கு இல்ல, உச்ச நீதிமன்றம் 2009-ல சர்ளா வர்மா, 2017-ல பிரணய் சேத்தி வழக்குகள்ல போட்டுக் குடுத்த முறை. இதுக்கு மேல ஆளுக்கு 40,000-க்குக் குறையாம துணை இழப்புக்கும், ஈமச் செலவுக்கும் சொத்திழப்புக்கும் தலா 15,000-மும் வரும், இந்தத் தொகைகள் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை 10 சதவீதம் ஏறும். வட்டி தனி.

எதிர்த்தரப்பு ஜெயிச்சு பாதி தப்பு உங்க வீட்டுக்காரர் மேலன்னே வந்துட்டாலும் 17 லட்சம். எல்லாத்துலயும் தோத்துட்டீங்கன்னு வைங்க, யார் தப்புன்னு பாக்காம 164-வது பிரிவுல 5 லட்சம்னு ஒரு வழி இருக்கு, அதைக் கடைசிக்கு வைங்க, எப்ப எப்படிக் கேக்கறதுன்னு வக்கீல் சொல்லட்டும். ஆக மோசமான நிலைமையைவிடக் கம்மியான ஒரு தொகைக்கு அவங்க உங்ககிட்ட கையெழுத்து கேக்கறாங்க. அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருக்கும் தெரியுமா, "என் கணவரின் கவனக்குறைவால் விபத்து நடந்தது, யார் மீதும் எனக்குப் புகார் இல்லை"ன்னு இருக்கும், நாளைக்கு இன்சூரன்ஸ் வக்கீல் உங்களைக் கூண்டுல ஏத்தி அதைத்தான் முதல்ல நீட்டுவார். பிள்ளைங்க மைனர், அவங்க பங்கை நீங்களே எழுதிக் குடுத்துட முடியாது, தீர்ப்பு வந்தாலும் அவங்க பங்கை பெரும்பாலும் பேங்க்லதான் போட்டு வைக்கச் சொல்லும் கோர்ட்.

இதுல ரிஸ்க் இல்லாம இல்ல. ரெண்டு மூணு வருஷம் இழுக்கலாம், டீக்கடைக்காரர் பின்வாங்கலாம், கம்பெனி அப்பீல் போகலாம். சம்பளத்துக்கு பேங்க் பதிவு இருக்கான்னு பாருங்க, கையில வாங்கின சம்பளம்னா நிரூபிக்கறது கஷ்டம்.

வேலை செஞ்ச இடத்துல பிஎஃப் பிடிச்சிருந்தா அதுல இன்சூரன்ஸ் சேர்ந்தே வரும், 7 லட்சம் வரைக்கும் கிடைக்கலாம், கான்ட்ராக்டர் "அதெல்லாம் இல்லம்மா"ம்பார், அவரோட பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் நம்பரை வச்சு நீங்களே பிஎஃப் ஆபீஸ்ல கேளுங்க. இஎஸ்ஐ கார்டு இருந்தா, வேலை முடிச்சு வீடு திரும்பற வழியில நடந்த விபத்தையும் வேலை விபத்தா எடுத்துக்க வழி இருக்கு, மாசாமாசம் பென்ஷன் மாதிரி வரும். ரெண்டையும் ட்ரிப்யூனல் மனுவோட எப்படிச் சேத்துப் போடறதுன்னு வக்கீல் பாத்துப்பார்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

எஃப்ஐஆர், பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பாத்து போலீஸ் எழுதினது), ரஃப் ஸ்கெட்ச், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், அதோட பிரேக் இன்ஸ்பெக்டர் ரெண்டு வண்டியையும் பாத்துக் குடுத்த ரிப்போர்ட், இதெல்லாம் நகல் கேட்டு எழுதிக் குடுங்க. ரஃப் ஸ்கெட்ச்ல லாரி தார்ல எவ்வளவு தூரம் நிக்கறதா வரைஞ்சிருக்காங்கன்னு முதல்ல பாருங்க, அந்த ஒரு பேப்பர் பல கேஸை திருப்பியிருக்கு. அன்னைக்கு ராத்திரி யாராவது செல்போன்ல எடுத்த போட்டோ, வாட்ஸ்அப்ல சுத்தின வீடியோ எதுவா இருந்தாலும் அழிஞ்சு போறதுக்குள்ள வாங்கி வைங்க. வாரிசு சான்றிதழுக்கு இ-சேவைல போட்டுடுங்க.

வக்கீலுக்கு காசில்லைன்னு தயங்க வேணாம், பெண்களுக்கு வருமான வரம்பு பாக்காமலே இலவச சட்ட உதவி உண்டு, கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு போங்க. கேஸையும் கடலூர்லயே போடலாம், லாரி எந்த ஊரா இருந்தாலும் பரவாயில்ல. ஆஸ்பத்திரி வாசல்லயே கார்டு நீட்டினாரே ஒருத்தர், வர்ற பணத்துல முப்பது பர்சன்ட்னு பேசினாரே, அப்படி பங்கு பேசி ஃபீஸ் வாங்க எங்களுக்கு அனுமதியே இல்ல, அவர்கிட்ட போகாதீங்க. எங்க ஆளுங்களையே நான் சொல்றேன், வேற வழியில்ல.

அப்புறம், பைக்கை இரும்புக் கடைக்குப் போட்டுடலாம்னு கொழுந்தனார் சொன்னாருன்னீங்க, வேணாம், எந்த உயரத்துல அடிபட்டிருக்குன்னு அதுலதான் தெரியும். பரண் மேல இருக்கற ஹெல்மெட்டைப் பாக்க முடியலன்னு அத்தை தூக்கி எறியச் சொல்றாங்கன்னும் எழுதியிருந்தீங்க. அவங்க சொல்றது புரியுது. ஆனா கழுவாம, தொடைக்காம ஒரு பழைய துணியில சுத்தி, அவங்க கண்ணுல படாத இடத்துல வைங்க. ஸ்ட்ராப் அறுந்திருக்கா, பூட்டினபடியே இருக்கான்னு நீங்க பாக்க வேணாம், வக்கீல் பாத்துக்கட்டும்.